25,000 ரூபாய் சம்பளத்தை விட்டுட்டு பெட்ரோலிய ஜியோபிசிக்ஸ் படிக்கப் போகலாமா? காஞ்சிபுரத்துத் தம்பிக்கு ஒரு கணக்கு



நம்ம சேனல்ல கல்விக்கடன் பத்தி வீடியோ போட்ட பிறகு, காஞ்சிபுரத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். பிள்ளையார்பாளையத்துல வீடு. அப்பா பட்டு நெசவு. தம்பி பி.எஸ்சி இயற்பியல் முடிச்சிட்டு ஒரகடத்துல ஒரு தொழிற்சாலையில, தரக்கட்டுப்பாடு பிரிவுல வேலை பார்க்கிறார். வயசு 23. கைக்கு வர்ற சம்பளம் 25,000 ரூபாய்.

"அண்ணா, பெட்ரோலிய ஜியோபிசிக்ஸ் படிச்சா லட்சக்கணக்குல சம்பளம்னு சொல்றாங்க. வேலையை விட்டுட்டு எம்.எஸ்சி படிக்கப் போகட்டுமா? அப்பாவுக்கு இப்பல்லாம் ஜரிகை இழை சரியாத் தெரியறதில்ல. ரொம்ப நாள் தறியில உட்கார முடியாது. அதுக்குள்ள நான் ஒரு நல்ல நிலைக்கு வரணும்."

இதுக்கு "தைரியமா விட்டுடு தம்பி"ன்னு சொல்றதும் சுலபம், "இருக்கிற வேலையைப் பாரு"ன்னு சொல்றதும் சுலபம். ரெண்டுமே கணக்குப் போடாத பதில். அதனால கொஞ்சம் நேரம் எடுத்து, இந்தப் படிப்பு என்ன, எங்க படிக்கிறது, வேலை எத்தனை இருக்கு, எவ்வளவு பணம் போகும், எப்ப திரும்ப வரும்னு வரிசையா பார்ப்போம். நீங்களும் டிகிரி முடிச்சு வேலைக்குப் போயிட்டு "மேல படிக்கலாமா"ன்னு யோசிக்கிறவரா இருந்தா, இந்தக் கணக்கு உங்களுக்கும் பொருந்தும்.

முதல்ல, இது என்ன வேலை?

பஞ்சபூதத் தலங்கள்ல காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் மண்ணுக்குரிய தலம். அந்த மண்ணுக்குக் கீழே என்ன இருக்குன்னு, தோண்டாமலே தெரிஞ்சுக்கிறதுதான் ஜியோபிசிக்ஸ். தமிழ்ல புவி இயற்பியல்.

பழைய கிணத்துல எட்டிப் பார்த்து சத்தம் போட்டா எதிரொலி வருமில்லையா? அதே தத்துவம்தான். நிலத்துல ஒரு அதிர்வை உண்டாக்குவாங்க. அதுக்கு கனமான அதிர்வு லாரிகள் இருக்கு, சில இடங்கள்ல சின்னதா வெடி வைப்பாங்க. கடல்ல காற்றை அழுத்தி வெடிக்க வைக்கிற கருவி. அந்த அதிர்வு கீழே போய், ஒவ்வொரு பாறை அடுக்குலயும் கொஞ்சம் கொஞ்சமா பட்டுத் திரும்பி வரும். மேலே வரிசையா வச்சிருக்கிற ஜியோபோன் என்கிற உணர்கருவிகள் அதைப் பதிவு பண்ணும்.

ஒரு எளிய உதாரணம். அதிர்வு திரும்பி வர 2 விநாடி ஆச்சுன்னு வைங்க. பாறைக்குள்ள அதோட சராசரி வேகம் விநாடிக்கு 3,000 மீட்டர். போக 1 விநாடி, வர 1 விநாடி. அப்போ அந்த அடுக்கு 3,000 மீட்டர் ஆழத்துல இருக்கு. இதே கணக்கைப் பல லட்சம் எதிரொலிகளுக்குப் போட்டு, இரைச்சலை வடிகட்டி, பூமிக்கு ஒரு ஸ்கேன் படம் மாதிரி எடுத்துக் கொடுப்பாங்க.

எண்ணெய் பூமிக்கடியில ஏரி மாதிரி தேங்கி நிக்கிறதில்ல. மணற்கல், சுண்ணாம்புக்கல் மாதிரி பாறைகளோட நுண்துளைகள்ல இருக்கும். அது மேலே கசிஞ்சு போகாம ஒரு இறுக்கமான பாறை மூடி போட்டிருக்கணும். அந்த மாதிரி அமைப்பு எங்க இருக்கும்னு படத்துல தேடுறதுதான் பெட்ரோலிய ஜியோபிசிசிஸ்ட் வேலை. ஆழ்கடல்ல ஒரே ஒரு கிணறு தோண்ட நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் ஆகும். தப்பான இடத்துல தோண்டினா அவ்வளவும் போச்சு. அதனாலதான் இந்த வேலைக்கு நல்ல சம்பளம்.

இந்தியாவோட பெரிய உதாரணம் பம்பாய் ஹை. 1960-களில் சோவியத் ஆய்வுக் கப்பல் உதவியோட அந்தக் கடல் பகுதியில நில அதிர்வு ஆய்வு நடந்துச்சு. 1974-ல் சாகர் சாம்ராட் என்கிற துரப்பண மேடை கிணறு தோண்டி எண்ணெயை உறுதி பண்ணுச்சு. எதிரொலிப் படம் முதல்ல, கிணறு அப்புறம். அந்த வரிசைதான் இந்தத் துறை.

வேலையில நாலு பிரிவு இருக்கு:

1. களத்துல தரவு சேகரிக்கிறது. வெயில், கூடாரம், ஊர் ஊரா பயணம்.
2. அந்தத் தரவை கணினியில சுத்தம் பண்றது. முழுக்கக் கணக்கும் புரோகிராமிங்கும்.
3. படத்தைப் படிச்சு "இங்க தோண்டலாம்"னு சொல்றது. ஜியாலஜி அறிவும் அனுபவமும் வேணும்.
4. தோண்டின கிணத்துக்குள்ள கருவி இறக்கி அளக்கிறது. இதை வெல் லாகிங்னு சொல்வாங்க. 1927-ல் பிரான்ஸின் பெஷல்பிரான் என்ற இடத்துல ஷ்லம்பர்ஜர் சகோதரர்களோட குழு இதைத் தொடங்கி வச்சுது. இன்னைக்கு எஸ்.எல்.பி. என்ற பேர்ல இருக்கிற பெரிய நிறுவனத்தோட வேர் அதுதான்.

காஞ்சிபுரத்துக்குக் கீழே எண்ணெய் இருக்கா?

தம்பி இதையும் கேட்டிருந்தார். நல்ல கேள்வி.

காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் பகுதி பாலாறு படுகையில இருக்கு. ஸ்ரீபெரும்புதூர் பாறை அடுக்குகள்ல டைனோசர் காலத்துச் செடிகளோட படிமங்கள் கிடைச்சிருக்கு. 10 கோடி வருஷத்துக்கும் முந்தினது. தம்பி தினமும் கம்பெனி பஸ்ல போற பாதைக்குக் கீழேயே அந்தப் பாறைகள் இருக்கு. ஆனா வணிக ரீதியா எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிறது இங்க இல்ல, தெற்கே காவிரிப் படுகையில. நாகப்பட்டினம் மாவட்டம் நரிமணம், திருவாரூர் பக்கம் கமலாபுரம், அடியக்கமங்கலம் எல்லாம் ஓ.என்.ஜி.சி. வயல்கள். காரைக்கால்ல அவங்களுக்கு அலுவலகம் இருக்கு.

"அப்போ காரைக்கால்லயே வேலை கிடைச்சா வார இறுதியில வீட்டுக்கு வந்துடலாமே"ன்னு கணக்குப் போடாதீங்க. 2017-ல் நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். விவசாய நிலமும் நிலத்தடி நீரும் கெட்டுடும்னு மக்கள் எதிர்த்தாங்க. அதுக்குப் பிறகு 2020-ல் தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டு வந்துச்சு. டெல்டாவுல புதுசா எண்ணெய், எரிவாயு ஆய்வுக்கும் எடுப்புக்கும் அந்தச் சட்டம் தடை போடுது. ஏற்கெனவே நடக்கிற வேலைகள் தொடருது.

இந்த விவாதத்துல நீங்க எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, வேலை தேடுறவருக்கு இதுல ரெண்டு செய்தி இருக்கு. ஒண்ணு, உங்க முதல் பணியிடம் பெரும்பாலும் அஸ்ஸாம், குஜராத், ராஜஸ்தான், மும்பை கடல், ஆந்திராவின் கோதாவரிப் படுகைன்னுதான் இருக்கும். ரெண்டு, சொந்தக்காரங்களே "எங்க வயலைக் கெடுக்கிற வேலையா?"ன்னு கேட்கலாம். அதுக்கு உங்களுக்குள்ள ஒரு பதில் இருக்கணும். சேர்றதுக்கு முன்னாடியே யோசிச்சுடுங்க.

எங்க, எப்படிப் படிக்கிறது?

பிளஸ் டூ படிக்கிற தம்பி, தங்கை வீட்ல இருந்தா: ஜே.இ.இ. அட்வான்ஸ்டு வழியா ஐ.ஐ.டி. கரக்பூர், ஐ.ஐ.டி. ரூர்க்கி, ஐ.ஐ.டி. (ஐ.எஸ்.எம்.) தன்பாத் ஆகிய இடங்கள்ல ஜியோபிசிக்ஸ் சார்ந்த படிப்புகள்ல சேரலாம். கணினி அறிவியலோட ஒப்பிட்டா இதுக்குப் பின்னாடி உள்ள ரேங்க்லயும் இடம் கிடைக்கும். ஆனா "ஐ.ஐ.டி. பேர் கிடைச்சா போதும்"னு மட்டும் இதை எடுக்க வேண்டாம். விருப்பம் இல்லாதவங்களுக்கு இது கஷ்டமான படிப்பு.

பி.எஸ்சி இயற்பியல், கணிதம் முடிச்சவங்களுக்கு: நம்ம தம்பி இந்த வகை. விசாகப்பட்டினம் ஆந்திரா பல்கலைக்கழகம், ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகம், வாரணாசி பனாரஸ் இந்து பல்கலைக்கழகம் மூணுலயும் ஜியோபிசிக்ஸ் முதுகலை ரொம்ப காலமா நடக்குது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல கடல்சார் ஜியோபிசிக்ஸ் இருக்கு. ஐ.ஐ.டி.கள்ல சேர ஜாம் என்கிற நுழைவுத் தேர்வு எழுதணும். பொதுவா பிப்ரவரியில நடக்கும், விண்ணப்பம் அதுக்கு முந்தின செப்டம்பர், அக்டோபர்ல. எந்தத் தாள் எழுதினா எந்தப் படிப்புக்குத் தகுதின்னு அந்தந்த வருஷத்துக் கையேட்டைப் பார்த்துக்கங்க.

பி.எஸ்சி ஜியாலஜி முடிச்சவங்களுக்கு: சென்னை மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம்னு தமிழ்நாட்டுல ஜியாலஜிக்கு நல்ல துறைகள் இருக்கு. ஜியோபிசிக்ஸ் பக்கம் திரும்பணும்னா கணிதத்தை பலப்படுத்திக்கணும். இங்கதான் நிறைய பேர் தடுமாறுறாங்க.

ஒரு முக்கியமான விஷயம், பல பேருக்குத் தெரியாது. ஓ.என்.ஜி.சி. ஜியோபிசிசிஸ்ட் பதவிக்கு ஜியோபிசிக்ஸ் முதுகலை மட்டும் இல்லாம, எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்த எம்.எஸ்சி இயற்பியல் படிச்சவங்களையும் 60 சதவீத மதிப்பெண்ணோட ஏத்துக்கிட்டிருக்காங்க. யு.பி.எஸ்.சி. ஜியோசயின்டிஸ்ட் தேர்வுல ஜியோபிசிசிஸ்ட் பதவிக்கும் எம்.எஸ்சி இயற்பியல் செல்லும். அதாவது, "பெட்ரோலியம்"னு பேர்ல இருக்கிற படிப்புக்கு அதிக ஃபீஸ் கட்டித்தான் ஆகணும்னு கட்டாயம் இல்ல.

உண்மையில படிக்கப் போறது என்ன?

அலை இயக்கம், மின்காந்தவியல், வகைக்கெழுச் சமன்பாடுகள், அணிக்கோவை, ஃபூரியர் மாற்றம், புள்ளியியல், பைத்தான் புரோகிராமிங். இதுக்கு மேல ஜியாலஜி, நில அதிர்வு முறை, ஈர்ப்பு முறை, காந்த முறை, மின்தடை முறை, வெல் லாகிங்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வார்த்தையில புரிய வைக்கலாம். இயற்பியலும் கணிதமும் புரோகிராமிங்கும் பாவு. பெட்ரோலியம் ஊடை. பாவு பலமா இருந்தா அதுல எந்த ஊடையையும் கோர்க்கலாம். எண்ணெய், நிலத்தடி நீர், கனிமம், மெட்ரோ சுரங்கம், எதுவா இருந்தாலும் கீழே ஓடுறது அதே பாவுதான்.

இதை இலவசமாவே சோதிச்சுப் பார்க்கலாம். என்.பி.டி.இ.எல்.-ல ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்துற ஜியோபிசிக்ஸ் பாடங்கள் இருக்கு. பார்க்கக் காசு இல்ல, சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். நில அதிர்வுத் தரவைக் கையாள ஆப்ஸ்பை என்கிற பைத்தான் தொகுப்பும், சீஸ்மிக் யுனிக்ஸ் என்கிற மென்பொருளும் இலவசம். நெதர்லாந்து கடல் பகுதியோட எஃப்3 என்கிற முப்பரிமாணத் தரவு பயிற்சிக்காகவே பொதுவுல கிடைக்குது. யில்மாஸ் எழுதின நில அதிர்வுத் தரவு பகுப்பாய்வு நூல் இந்தத் துறையோட பாடப்புத்தகம். எஸ்.இ.ஜி. சங்கத்தோட விக்கி தளத்துல அதைப் படிக்கலாம்.

ஷிப்ட் முடிஞ்சு வந்து ராத்திரி ஒரு மணி நேரம், ஆறு மாசம் இதுல உட்கார முடிஞ்சா, இந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்து வரும். மூணாவது வாரமே சலிச்சுடுச்சுன்னா வேலையை விடாம இருந்ததுக்கு சந்தோஷப்படுங்க. அந்தச் சோதனைக்கு ஆன செலவு பூஜ்யம்.

வேலை எத்தனை இருக்கு?

இங்கதான் கொஞ்சம் கசப்பான பகுதி.

ஓ.என்.ஜி.சி.-ல இந்தப் பதவி இ-1 நிலையில தொடங்குது. அடிப்படைச் சம்பள வரம்பு மாசம் 60,000 முதல் 1,80,000 ரூபாய் வரை. அதுக்கு மேல அகவிலைப்படி, மற்ற படிகள். நல்ல சம்பளம்தான். ஆனா 2025 ஜனவரியில வந்த அறிவிப்புல மொத்தம் 108 இடம். அதுல ஜியாலஜிஸ்ட், ஜியோபிசிசிஸ்ட் ரெண்டும் சேர்த்து 10 இடம். நாடு முழுசுக்கும் 10.

முன்னாடி கேட் மதிப்பெண்ணை வச்சு எடுத்தாங்க, 2025-ல் தனியா கணினித் தேர்வு வச்சாங்க. வயது வரம்பும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறுது. பொதுப் பிரிவுக்கு 30-ஐத் தாண்டுறதில்ல. பிற்படுத்தப்பட்டோருக்கு 3 வருஷம், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 5 வருஷம் தளர்வு உண்டு. 23 வயசுத் தம்பி ஒரு வருஷம் தயாராகி, ரெண்டு வருஷம் படிச்சு வெளியே வரும்போது 26 ஆயிடும். முயற்சி பண்ண நிறைய வருஷம் கையில இருக்காது.

மத்த வழிகள் என்ன?

- அஸ்ஸாம் துலியாஜானைத் தலைமையிடமா கொண்ட ஆயில் இந்தியா நிறுவனம்.
- எஸ்.எல்.பி., ஹாலிபர்ட்டன், முன்னாடி சி.ஜி.ஜி.-ன்னு இருந்த விரிடியன் மாதிரி சேவை நிறுவனங்கள்.
- யு.பி.எஸ்.சி. ஜியோசயின்டிஸ்ட் தேர்வு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் இதுல ஆள் எடுக்கிறாங்க. வயசு 32 வரை. தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய்.
- ஹைதராபாத் என்.ஜி.ஆர்.ஐ., சென்னை பள்ளிக்கரணையில இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் மாதிரி ஆராய்ச்சி நிறுவனங்கள்.
- மெட்ரோ, அணை, பாலம் கட்டுறதுக்கு முன்னாடி நிலத்தைச் சோதிக்கிற தனியார் நிறுவனங்கள்.
- நிலத்தடி நீர் ஆய்வு. போர் போடுறதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல தேங்காயை உள்ளங்கையில வச்சு நீரோட்டம் பார்ப்பாங்க. அதே கேள்விக்கு மின்தடை அளந்து பதில் சொல்றது இந்தப் படிப்பு படிச்சவங்க செய்யற வேலை.

பட்டியலைத் திரும்பப் பாருங்க. முதல் ரெண்டு வரி மட்டும்தான் எண்ணெய் விலையை நம்பி இருக்கு. மத்ததெல்லாம் ஜியோபிசிக்ஸை நம்பி இருக்கு.

எண்ணெய் விலை இறங்கினா என்ன ஆகும்?

2014 ஜூன்ல ஒரு பேரல் பிரென்ட் கச்சா எண்ணெய் 110 டாலருக்கு மேல. 2016 ஜனவரியில 30 டாலருக்குக் கீழே. அந்த ஒன்றரை வருஷத்துல உலகம் முழுக்க இந்தத் துறையில லட்சக்கணக்கானவங்க வேலையை இழந்தாங்க. விலை இறங்கினா நிறுவனங்கள் முதல்ல நிறுத்துறது புதுசா தேடுற வேலையை. அதாவது ஜியோபிசிசிஸ்ட் வேலையை. 2020 ஏப்ரல் 20 அன்னைக்கு அமெரிக்க கச்சா எண்ணெயோட மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலர்ல முடிஞ்சுது. எண்ணெயை எடுத்துக்கிட்டுப் போறவருக்குக் காசு கொடுக்கிற நிலைமை!

காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இது புதுசு இல்ல. தங்கம், வெள்ளி விலை ஏறினா ஜரிகை விலை ஏறும், புடவை விலை ஏறும், ஆர்டர் குறையும், தறி நிக்கும். நெசவாளர் ஒரு தப்பும் பண்ணலை, ஆனா கூலி போச்சு. பெட்ரோலிய வேலையிலும் அதேதான். நீங்க எவ்வளவு திறமைசாலியா இருந்தாலும், நீங்க படிச்சு வெளியே வர்ற வருஷம் விலை இறங்கியிருந்தா கதவு பாதி மூடியிருக்கும். அப்பா பார்த்த அதே ஆபத்தை மகன் வேற பேர்ல வாங்கிக்கக் கூடாது இல்லையா?

இப்ப பணக் கணக்கு

இது தம்பியோட சூழலுக்கு நான் போட்ட உதாரணக் கணக்கு. உங்க எண்களைப் போட்டு நீங்களும் செஞ்சு பாருங்க.

இழக்கிற சம்பளம்: 25,000 × 24 மாசம் = 6,00,000 ரூபாய்.
அரசுப் பல்கலைக்கழகத்துல ஃபீஸ், விடுதி, சாப்பாடு, பயணம் எல்லாம் சேர்த்து ரெண்டு வருஷத்துக்கு 3,00,000-ன்னு வைப்போம்.
மொத்தச் செலவு: 9,00,000 ரூபாய்.

நிறைய பேர் அந்த 3 லட்சத்தை மட்டும்தான் செலவுன்னு நினைக்கிறாங்க. விட்ட சம்பளம்தான் அதைவிடப் பெரிய செலவு.

வேலையை விடாம இருந்தா ரெண்டு வருஷத்துல சம்பளம் 30,000 ஆகியிருக்கும்னு வைங்க. படிச்சு முடிச்ச பிறகு மூணு நிலைமை வரலாம்:

1. பொதுத்துறை வேலை, கைக்கு 75,000. கூடுதல் 45,000. போட்ட 9 லட்சம் 20 மாசத்துல திரும்பும்.
2. தனியார் ஆய்வு நிறுவனம், கைக்கு 45,000. கூடுதல் 15,000. 60 மாசம், அதாவது 5 வருஷம்.
3. துறையில வேலை கிடைக்காம வேற ஏதோ வேலை, கைக்கு 33,000. கூடுதல் 3,000. 300 மாசம், அதாவது 25 வருஷம்!

மூணாவது வரியைப் பார்த்து பயப்பட வேண்டாம். அது வராம பார்த்துக்கிறதுதான் திட்டம். பைத்தானும் தரவுப் பகுப்பாய்வும் கையில இருந்தா மூணாவது நிலைமை ரெண்டாவதா மாற நல்ல வாய்ப்பு இருக்கு.

வெளிநாட்டுல படிக்கலாமான்னு சிலர் கேட்பீங்க. 30 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 10 வருஷம்னா மாசத் தவணை சுமார் 41,300 ரூபாய். படிக்கிற காலத்து வட்டி தனி. எண்ணெய் விலை இறங்கின வருஷத்துல வெளியே வந்தா, இந்தியாவுல கிடைக்கிற தொடக்கச் சம்பளம் தவணைக்கே போயிடும். உதவித்தொகை இல்லாம இந்த வழிக்குப் போறதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடன் வாங்கறதா இருந்தா

- பொதுவா 7.5 லட்சம் வரை கல்விக்கடனுக்கு வங்கி சொத்து அடமானம் கேட்காது. வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கிட்டு ஓட வேண்டாம்.
- பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துல, பட்டியல்ல உள்ள தரமான கல்வி நிறுவனங்கள்ல இடம் கிடைச்சா அடமானமும் ஜாமீனும் இல்லாம கடன் உண்டு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்சத்துக்குள்ள இருந்தா, 10 லட்சம் வரையிலான கடனுக்கு படிக்கிற காலத்துல 3 சதவீத வட்டி மானியமும் கேட்கலாம்.
- கட்டுற வட்டிக்கு வருமான வரிக் கழிவு உண்டு. 80-இ பிரிவுன்னு நாம பழகினது. பழைய வரி முறையில மட்டும், 8 வருஷம் வரை. இதுல ஒரு பொறி: உங்களுக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு எடுத்த கடனுக்குத்தான் இந்தக் கழிவு. கூடப் பிறந்த தம்பி, தங்கைக்காக நீங்க கடன் எடுத்தா கிடைக்காது.
- நகைக்கடன், பெர்சனல் லோன், சீட்டு எடுத்துப் படிக்கிறது வேண்டவே வேண்டாம்.

வேலையை விடும்போது ரெண்டு விஷயம் மறந்துடாதீங்க. கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு அன்னைக்கே நின்னுடும். அப்பா, அம்மா பேர்ல தனியா ஒரு பாலிசி முன்னாடியே எடுத்துடுங்க. பி.எஃப். பணத்தை எடுக்காதீங்க. வேலையை விட்ட பிறகும் அதுக்கு வட்டி சேரும். 5 வருஷ சேவைக்கு முன்னாடி எடுத்தா வரியும் வரலாம்.

தம்பிக்கு என் பதில்

வேலையை இப்ப விடாதீங்க. அடுத்த 12 மாசம் இப்படி வச்சுக்கங்க.

முதல் 6 மாசம்: பைத்தான், ஒரு என்.பி.டி.இ.எல். பாடம், பி.எஸ்சி கணிதத்தைத் திரும்பப் படிக்கிறது. இதோட மாசம் 10,000 ரூபாய் ஆர்.டி.-ல. ஒரு வருஷத்துல 1,20,000 சேரும். ஒரு வருஷத்துல தேவைப்படற பணம் இது, அதனால பங்குச் சந்தைப் பக்கம் கொண்டு போகாதீங்க.

அடுத்த 6 மாசம்: ஜாம் தேர்வு, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுகள் எழுதுங்க. எழுதறதுக்கு வேலையை விட வேண்டியதில்ல.

விடறதுக்கு மூணு நிபந்தனை: நல்ல ஜியோபிசிக்ஸ் துறையில இடம் உறுதியாகணும். கடன் 5 லட்சத்துக்குள்ள அடங்கணும். வீட்டுச் செலவுக்கு 6 மாசப் பணம் தனியா இருக்கணும். மூணுல ஒண்ணு இல்லைன்னாலும் இன்னொரு வருஷம் காத்திருங்க. 24 வயசு ஒண்ணும் தாமதம் இல்ல.

சேர்ந்த பிறகு: முதல் செமஸ்டர்லயே யு.பி.எஸ்.சி. ஜியோசயின்டிஸ்ட் பாடத்திட்டத்தை எடுத்து வச்சுக்கங்க. கோடை விடுமுறையில ஒரு முறை எண்ணெய் நிறுவனத்துல, ஒரு முறை நீர் அல்லது கட்டுமான ஆய்வு நிறுவனத்துல பயிற்சிக்கு முயற்சி பண்ணுங்க. ரெண்டு கதவும் திறந்திருக்கட்டும்.

கடைசியா அப்பா விஷயம். எம்.எஸ்சி முடியற வரை அவர் கண் காத்திருக்காது தம்பி. இந்த மாசச் சம்பளத்துலயே அவரைக் கண் மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. கண்புரையா இருந்தா சின்ன அறுவை சிகிச்சையில சரியாகும். நம்ம அரசு மருத்துவமனைகள்லயே இலவசமா பண்றாங்க. ஒருவேளை ஜரிகை இழை அவருக்குத் திரும்பவும் தெரிஞ்சா, உங்களுக்கு அவசரமும் கொஞ்சம் குறையும். அவசரம் இல்லாம எடுக்கிற முடிவுதான் பணத்தைக் காப்பாத்தும்.

உங்க சம்பளம், வயசு, படிக்க நினைக்கிற படிப்பு இந்த மூணையும் போட்டு மேல சொன்ன கணக்கை ஒரு தாள்ல செஞ்சு பாருங்க. எத்தனை மாசம் வருதுன்னு பார்த்துட்டு வீட்ல உட்கார்ந்து பேசுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.